பிப்ரவரிச் சம்பளம்

அரசுப் பள்ளி ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பழைய பேச்சு உண்டு: "நமக்கு வருஷத்துக்குப் பதினோரு சம்பளம்தான் சார். பன்னிரண்டாவதை வருமான வரிக்காரன் வாங்கிக்கிறான்." அந்தப் பன்னிரண்டாவது, பிப்ரவரிச் சம்பளம். கணிசமான பிடித்தம் இருக்கும் என்று தெரிந்து ஜனவரியிலேயே கைமாத்து சொல்லி வைப்பவர்கள் இருந்தார்கள். அந்த மாதத்தில் வீட்டில் விசேஷம் வைக்க மாட்டேன் என்று சொன்ன ஒரு டீச்சரையும் எனக்குத் தெரியும்.

1986இல் மதுரை மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றேன். பள்ளிகள் மாறின, பதவி ஒரு படி ஏறியது, சம்பளப் பட்டியல் மட்டும் பெரும்பாலும் என் மேசையை விட்டுப் போகவில்லை. ஆகவே பலர் கசந்துகொண்ட அந்த பிப்ரவரியைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

உள்ளபடி பார்த்தால், வருமான வரிச் சட்டத்தில் பிப்ரவரிக்கு எந்தச் சிறப்பும் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192ஆம் பிரிவு, ஆண்டு முழுவதற்கும் வரியை மதிப்பிட்டு, சராசரி போட்டு, மாதாமாதம் பிடி என்றுதான் சொன்னது. பிப்ரவரி வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் கருவூல வழக்கம். எங்கள் மார்ச் சம்பளம் ஏப்ரலில்தான் கைக்கு வரும். அதனால் வரிக்கு ஆண்டு என்பது எங்களுக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை. அந்தக் கணக்கில் கடைசிப் பட்டியல் பிப்ரவரி. இன்னொரு காரணம் மனிதர்கள். "இப்பப் பிடிக்காதீங்க சார், ஜனவரிக்குள்ள ஏதாவது கட்டிருவேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். கட்டுவார்களா, எவ்வளவு கட்டுவார்கள் என்று தெரியாமல் எப்படி மாதாமாதம் பிடிப்பது? தள்ளித் தள்ளி எல்லாம் ஒரே சம்பளத்தில் வந்து விழும்.

அந்த "ஏதாவது கட்டிருவேன்" என்ற பேச்சின் வரலாறுதான் எனக்கு முக்கியம். சேமித்தால் வரியில் கழிவு என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது, யாருக்கு அதனால் அதிக லாபம் என்பது, கழிவைக் கணக்கிட்டுக் கொடுத்த என்னைப் போன்றவர்களே நெடுநாள் யோசிக்காத விஷயம்.

இந்தியாவில் வருமான வரி 1860இல் வந்தது. 1857 கலகத்தை அடக்கிய செலவில் அரசு கடனில் நின்றபோது, லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதிப் பொறுப்புக்கு அனுப்பினார்கள். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 வரை வருமானத்துக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம் என்று வரி போட்டார். இதை எதிர்த்தவர் சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன். இருவரும் லண்டனில் ஒரே கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. இந்த நாட்டுக்கு இந்த வரி ஆகாது, படைச் செலவைக் குறைத்தாலே போதும் என்று ட்ரெவெல்யன் குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைகளிலும் வெளியிட்டார். ஆளுநர் ஒருவர் மேலிடத்தின் வரியைப் பகிரங்கமாக எதிர்ப்பதை யார் பொறுப்பார்கள்? அதே ஆண்டு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி அவர் தொடங்கி வைத்த மக்கள் பூங்காவின் பெயரில்தான் இன்றும் அந்தப் பகுதி பார்க் டவுன்.

சட்டத்துக்கு 1860 ஜூலை 24இல் ஒப்புதல் கிடைத்தது. மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 11 அன்று, வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். 1863இல் அவர் வகித்த அதே நிதிப் பதவிக்கு ட்ரெவெல்யன் திரும்பி வந்தார். 1865இல் வரி காலாவதியானபோது அதைப் புதுப்பிக்கவில்லை. வேலை போனாலும் சொன்ன சொல்லை விடாத மனிதர் என்று எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டு. அயர்லாந்துக்காரர்களுக்கு இருக்காது, அங்கே பஞ்ச காலத்தில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு கதை.

அதன் பிறகு உரிம வரி, சான்றிதழ் வரி என்று பெயர் மாறி மாறி வந்து போய், 1886இல் வந்த சட்டம்தான் நிலைத்தது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது அதில்தான் உறுதியானது. ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானமும் தப்பித்தது. அதாவது மாதம் 41 ரூபாய் 10 அணாவைத் தாண்டிய குமாஸ்தா சிக்குவார். அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. வியாபாரி கணக்கு காட்டிய பிறகு கட்டுவார், சம்பளக்காரர் வாங்கும் முன்பே கட்டியிருப்பார். இந்த வித்தியாசம் இன்றுவரை மாறவில்லை.

நம் 'ஏதாவது கட்டிருவேன்' என்பதன் வேரும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியத்துக்கு, வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு வரை வரி கிடையாது என்றது அது. எல்.ஐ.சி. பிறக்க இன்னும் எழுபது ஆண்டு இருந்தது.

அடுத்தடுத்து அரசுக்குப் பணமுடை வந்தபோதெல்லாம் சேமிப்புப் பத்திரம் ஒன்று பிறந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1917இல், அஞ்சலகப் பணச் சான்றிதழ். இரண்டாம் போரின்போது, 1943இல், தேசிய சேமிப்புச் சான்றிதழ். சுதந்திரத்துக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. 1968இல் பொது வருங்கால வைப்பு நிதி. நம்முடைய நன்மைக்காகத்தான் சேமிக்கச் சொல்கிறார்கள் என்று சிறுசேமிப்புச் சுவரொட்டி சொல்லும். நன்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் கடன் தேவைப்பட்டது அவர்களுக்கு.

இடைப்பட்ட காலத்தில் வேறு விசித்திரங்களும் நடந்தன. 1955 பட்ஜெட்டில் சி.டி. தேஷ்முக், மணமானவருக்கு 2,000 ரூபாய் வரை வரி இல்லை, மணமாகாதவருக்கு 1,000 வரைதான் என்று பிரித்தார். 1973-74இல் மேல்தட்டு வரி, கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம் வரை போயிருந்தது. அந்த உயரத்துக்கு எந்த வாத்தியாரும் போனதில்லை என்பதால் அதைப் பற்றி மேலே பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. எங்களைத் தொட்டது 1974இன் நிலைக்கழிவு. அதற்கு முன்பு சம்பளக்காரர் தம் வேலைக்குத் தேவையான புத்தகம் வாங்கியதற்கு 500 ரூபாய் வரை தனியாகக் கழிக்கலாம், வேலைக்குப் போய்வரும் வாகனத்துக்குத் தனியாகக் கழிக்கலாம் என்று இருந்தது. இவற்றையெல்லாம் திரட்டி, ரசீதே வேண்டாம், முதல் 10,000 ரூபாய்க்கு 20 சதவீதம், மிச்சத்துக்கு 10 சதவீதம், மொத்தம் 3,500க்கு மேல் போகாமல் கழித்துக்கொள் என்றார்கள். அலுவலகத்துக்கு நிம்மதி. ஆசிரியர் புத்தகம் வாங்கினாரா இல்லையா என்று கேட்க அதன் பிறகு யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது சேமிப்புக் கழிவில் ஆட்சி செய்தது பழைய 80சி பிரிவு. சேமித்ததில் முதல் 6,000 முழுக்கக் கழிவு, அடுத்த 6,000இல் பாதி, மிச்சத்தில் 40 சதவீதம். கால்குலேட்டர் தலைமையாசிரியர் மேசையில் மட்டும் இருந்த காலம். ஜனவரி பிறந்தால் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவரும் எல்.ஐ.சி. முகவரும் இடைவேளை மணிக்குச் சரியாக வராந்தாவில் நிற்பார்கள். சேமிப்புச் சான்றிதழில் 100 ரூபாய் போட்டால் ஆறு ஆண்டில் 201 ரூபாய் 50 காசு. "ரெட்டிப்புக்கு மேல ஒன்றரை ரூபா லாபம் டீச்சர்" என்பது முகவரின் வசனம். பெண்ணுக்கு நகை, பையனுக்குக் கல்லூரி என்று மனக்கணக்குப் போட்டு வாங்குவார்கள். முதிர்வுத் தேதியைப் பிள்ளைகளின் வயதோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

1987இல் தேசிய சேமிப்புத் திட்டம் என்ற புதுக் கணக்கு வந்தது. போட்ட பணத்துக்கு உச்சவரம்பு வரை முழுக் கழிவு. எடுக்கும்போது அசலும் வட்டியும் அந்த ஆண்டு வருமானமாகி வரி விழும். போட்டுக்கொண்டே போனால் பிரச்சினை இல்லை, எடுத்தால்தான் பிரச்சினை. என்னோடு வேலை பார்த்த ஒரு கணக்கு வாத்தியார், "எடுக்க வேண்டிய அவசியம் வராம பாத்துக்கிட்டா வரியே கிடையாது தம்பி" என்றார். சொன்னபடியே எடுக்காமல் விட்டார். அவரைப்போல் விட்டவர்கள் நாடு முழுக்க இருந்திருக்கிறார்கள். 1992இலேயே கழிவு நின்றுபோன அந்தக் கணக்குகளுக்கு 2024 அக்டோபர் முதல் வட்டியும் கிடையாது என்று அரசு அறிவித்தது. பிறகு 2025 பட்ஜெட்டில், 2024 ஆகஸ்ட் 29 முதல் எடுத்த பணத்துக்கு வரி இல்லை என்று விலக்கு கொடுத்தார்கள். வாத்தியார் கணக்கு முப்பத்தேழு ஆண்டு கழித்து சரியாக வந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1990இல் வி.பி. சிங் அமைச்சரவையின் நிதியமைச்சர் மது தண்டவதே பழைய 80சியை எடுத்துவிட்டு 88ஆம் பிரிவைக் கொண்டுவந்தார். பம்பாயில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் அவர். ரயில்வே அமைச்சராக இருந்தபோது இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியின் வெறும் பலகைக்கு மெத்தை போட வைத்தவரும் அவர்தான். 88ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே குணம்தான்.

கழிவு என்றால் வருமானத்திலிருந்து குறைப்பது. தள்ளுபடி என்றால் போட்டு முடித்த வரியிலிருந்து குறைப்பது. காகிதத்தில் சின்ன வித்தியாசம், பணத்தில் பெரியது. 10,000 ரூபாய் சேமிப்புக்குக் கழிவு கொடுத்தால், 10 சதவீத வரிக்காரருக்கு 1,000 மிச்சம், 30 சதவீத வரிக்காரருக்கு 3,000 மிச்சம். ஒரே பத்தாயிரம்தான், வசதி உள்ளவருக்கு மூன்று மடங்கு சன்மானம். தண்டவதே இதை மாற்றி, யார் சேமித்தாலும் சேமித்ததில் 20 சதவீதம் வரியில் குறையும் என்றார். தலைமையாசிரியர் பத்தாயிரம் கட்டினாலும் 2,000, ஆய்வக உதவியாளர் கட்டினாலும் 2,000. அலுவலகத்தில் ஸ்டேட்மென்ட் போடுவதும் எளிதாயிற்று: கூட்டு, ஐந்தால் வகு, வரியில் கழி. 2002இல் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா அதை இன்னும் சாய்த்தார். 1.5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் 20 சதவீதம், 5 லட்சம் வரை 15, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெண்களுக்கு 88சி பிரிவில் தனியாக 5,000 ரூபாய் தள்ளுபடியும் அந்த ஆண்டுகளில் இருந்தது. ஆசிரியைகள் மிகுதியாக இருந்த எங்கள் பள்ளியில் பிப்ரவரியின் கடுமை சற்றுக் குறைந்திருந்த காலம் அது.

2005இல் ப. சிதம்பரம் 88ஐ எடுத்துவிட்டு 80சியைத் திரும்பக் கொண்டுவந்தார். எந்தச் சேமிப்பில் எவ்வளவு என்ற உள்வரம்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கி, மொத்தமாக ஒரு லட்சம் வரை கழிவு. வரியற்ற வரம்பை 50,000இலிருந்து ஒரு லட்சமாக்கினார், பெண்களுக்கு அதைவிடக் கூடுதலாக. அது பெரிய உதவி, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பலர் வரி வலையிலிருந்தே வெளியே போனார்கள். நிலைக்கழிவை அதே கையால் எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வரி கட்டுகிறவர்களுக்குள் நிலைமை தலைகீழானது. முந்தைய ஆண்டு, பத்தாயிரம் சேமித்த எழுத்தருக்கு 2,000, தலைமையாசிரியருக்கு 1,500. அந்த ஆண்டு முதல் எழுத்தருக்கு 1,000, தலைமையாசிரியருக்கு 2,000. அப்போது எங்கள் அலுவலகத்தில் இதை யாரும் பேசவில்லை. ஒரு லட்சம் என்ற எண் எல்லோருக்கும் பிடித்திருந்தது. 2014இல் அது 1.5 லட்சமாகி அங்கேயே நிற்கிறது. 30 சதவீதக்காரருக்கு அதில் 45,000 மிச்சம், 5 சதவீதக்காரருக்கு 7,500. இந்த ஏற்பாட்டுக்குச் சேமிப்பு ஊக்குவிப்பு என்று பெயர்.

வீட்டுக் கடன் வட்டிக் கழிவும் அதே வகைதான். 1999இல் 75,000, 2001இல் 1.5 லட்சம், 2014இல் 2 லட்சம் என்று ஏறியது. மதுரையைச் சுற்றி ஆசிரியர் காலனிகளில் மாடி வைத்த வீடுகள் எழுந்ததில் இந்தப் பிரிவுக்குப் பங்கு உண்டு. வாடகைக்கு இருந்தவருக்கோ, கொடுத்த வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைத் தள்ளியது, வாங்கிய வீட்டு வாடகைப்படி, சம்பளத்தில் 40 சதவீதம், இந்த மூன்றில் எது குறைவோ அதுதான். சென்னையில் இருந்தால் 40க்குப் பதில் 50. எங்கள் வீட்டு வாடகைப்படி மிகச் சின்னத் தொகை. குறைவானது எப்போதும் அதுவாகவே இருக்கும். அதற்காக ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதுக்கு வீட்டுக்காரரிடம் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

89ஆம் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. ஊதியக் குழு நிலுவை மொத்தமாக வரும் ஆண்டில் வரி எகிறும். அந்த நிலுவையை அதற்குரிய ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டு, கூடுதலாக விழுந்த வரியைத் தள்ளுபடியாக வாங்கலாம் என்றது அந்தப் பிரிவு. படிவம் 10இ. பழைய ஆண்டுகளின் வரி விகிதத்தை எல்லாம் தேடி எடுத்துப் போட வேண்டும் என்பதால் பலர் "விடுங்க சார்" என்று விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை, பழைய விகித அட்டவணைகளைப் பைண்டு பண்ணி வைத்திருந்தேன். பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் வந்து வாங்கிப் போவார்கள்.

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வழக்கம் சம்பளக்காரர்களிடம் மெதுவாகத்தான் பரவியது. "அதான் பிடிச்சாச்சே, இன்னும் என்ன தாக்கல்?" என்பார்கள். 1990களின் கடைசியில் 'சரள்' என்ற ஒரே பக்கப் படிவம் வந்தது. அதே காலத்தில், குறிப்பிட்ட நகரங்களில் தொலைபேசி, கார், கடன் அட்டை, வெளிநாட்டுப் பயணம் போன்ற ஆறில் ஒன்று இருந்தாலே தாக்கல் செய் என்றார்கள். போன் வைத்ததற்கு வரிக் கணக்கா என்று சிரித்தோம். ஜூலை கடைசியில் பீபீகுளம் வருமான வரி அலுவலகத்தில் வரிசையில் நின்று, முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பார்கள். வங்கிக் கடனுக்கு அது தேவைப்பட்டது. பிறகு இணையத் தாக்கல். அதிலும் ஒப்புகையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. கூரியர் செல்லாது, சாதாரணத் தபால் அல்லது விரைவுத் தபால் மட்டும். 2015இல் ஆதார் எண் வழியே சரிபார்ப்பு வந்ததும் அந்தத் தபாலும் தேவையில்லாமல் போனது.

2020இல் புதிய முறை வந்தது: குறைந்த விகிதம், ஆனால் 80சி இல்லை, வீட்டு வாடகை இல்லை, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி இல்லை. முதலில் சீந்துவார் இல்லை. பிறகு விகிதத்தைக் குறைத்து, நிலைக்கழிவைச் சேர்த்து, யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் என்றும் ஆக்கினார்கள். 2025 பட்ஜெட்டுக்குப் பின் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம். இதில் பலர் கவனிக்காதது ஒன்று. வரியற்ற வரம்பு 12 லட்சம் அல்ல, 4 லட்சம்தான். மீதியைத் தீர்ப்பது 87ஏ பிரிவின் 60,000 ரூபாய் தள்ளுபடி. 2013இல் வெறும் 2,000 ரூபாயாகத் தொடங்கியது அது. பங்கு விற்ற லாபம் போல் தனி விகிதத்தில் வரி விழும் வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. "பன்னிரண்டு லட்சத்துக்குள்ளதானே, வரி ஏன் வருது?" என்று என்னிடம் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

ஆக, தண்டவதேயின் தள்ளுபடி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இப்போது சேமிக்க வேண்டியதில்லை, சும்மாவே கிடைக்கிறது. சம்பள மென்பொருளே மாதாமாதம் வரியைப் பிடித்துவிடுவதால் பிப்ரவரியின் பயமும் போய்விட்டது. ஜனவரி வராந்தாவில் முகவர்கள் நிற்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். வரி குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியமும் அரசு ஊழியர் சேமநல நிதியான ஜி.பி.எஃப்.பும் இல்லாமல் வேலை பார்த்தவர்கள். வரிக்குப் பயந்தாவது ஏதோ ஒன்றில் போட்டுக்கொண்டிருந்த அவர்களுக்கு இன்று அந்தப் பயமும் இல்லை. 88ஆம் பிரிவைக் கொஞ்சம் திருத்தி வைத்துக்கொண்டிருக்கலாம். சேமிப்புக்கு ஊக்கம் கொடுப்பதென்றால் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுத்த ஏற்பாடு அது ஒன்றுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

வீட்டுக் கடனும் மற்ற கழிவுகளும் கையில் உள்ளவர்கள் இரண்டு முறையிலும் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சம்பளக்காரர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். அலுவலகம் தரும் படிவம் 16ஐயும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ள 26ஏஎஸ் அறிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களிடம் பிடித்த பணம் உங்கள் பேரில் ஏறியிருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம். 536 பிரிவுகள் கொண்ட அதில் 80சி என்று தேடினால் கிடைக்காது. அது இப்போது 123ஆம் பிரிவு. வரம்பு அதே 1.5 லட்சம்.